ஆறு பெட்டி ஆப்பிள்

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்ட வருஷம் எங்கள் சமையலறை அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சாப்பிடக் கூடாதவற்றின் பெயர்கள் இடது பக்கம் முழுக்க இறங்கி வலது பக்கத்துக்கும் பரவியிருந்தன. உப்பு, தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, ஊறுகாய். தண்ணீருக்குக்கூட அளவு. சாப்பிடலாம் என்ற பகுதியில் இருந்த நாலைந்து பெயர்களில் ஒன்று ஆப்பிள், ஒரு நாளைக்கு ஒன்று.

அம்மா அதைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காங்க. யாரு வாங்கிக் குடுக்கப் போறாங்களாம்?" என்றாள்.

எங்களைப் பொறுத்தவரை ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிற பொருள். அப்பா பஸ் கண்டக்டர். மருத்துவ விடுப்பில் பாதிச் சம்பளம்தான் வந்தது. அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கைக்கு ஏழு, அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

அப்பா தட்டைப் பார்ப்பார், இரண்டு வாய் எடுப்பார், தள்ளிவைத்துவிடுவார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்பார். ஆள் பாதியாகிவிட்டார்.

அப்படி இருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு குட்டி வேனில் வந்து இறங்கினார். குளிர்பதனக் கிடங்கில் எலக்ட்ரீஷியன் அவர். உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

"அண்ணி, கதவை நல்லாத் தொறங்க. மெஷின் ரெண்டு நாளா நின்னு போச்சு. சரக்கெல்லாம் இளகுது. முடிஞ்சதை எடுத்துட்டுப் போங்கடான்னுட்டாரு மொதலாளி. வேனை அரை மணியில திருப்பி விடணும்."

ஆறு பெட்டி ஆப்பிள். கூடத்தில் அடுக்கியதும் கட்டிலுக்குப் போக வழியில்லை. வீடு முழுக்க இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. வாலு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்மா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

"ரெண்டு வாரம் தாங்குமா?"

"ஒண்ணு அழுகினா பெட்டியே போயிடும். பிரிச்சு வைங்க" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா வாசலைத் தாண்டிவிட்டார்.

பிரிக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. அவரால் உட்கார்ந்து செய்யக்கூடியது அதுதான். ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்துச் செய்தித்தாளில் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பழைய குரல் கேட்டது.

"அடிபட்டதெல்லாம் படிக்கிட்ட வா. அடுத்த ஸ்டாப்ல எறங்கணும். நல்லா இருக்கறது உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் இருக்கு."

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறோம். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

கேஸ் தீர்ந்துவிடும் என்று அம்மா ஒரே பெரிய பாத்திரத்தில் அடிபட்டதையெல்லாம் வேகவைத்தாள். மசித்து, பட்டை ஒரு துண்டு போட்டு, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். மெல்லிசாக நறுக்கிய துண்டுகளை மொட்டை மாடியில் பழைய கொசுவலைக்குள் காயப்போட்டோம். காக்கா விரட்டுவது என் வேலை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஃப்ரிட்ஜ் இருந்தது. அப்பாவின் பங்குத் துண்டுகளை அதில் உறையவைத்து எடுத்து வருவோம். தாகம் எடுத்தால் தண்ணீருக்குப் பதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்.

எனக்கும் வாலுவுக்குமாக அம்மா ஒரு ஜாடியில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் துண்டுகளை ஊறவைத்தாள். அதுதான் வினையாகிப் போனது.

அடுத்த வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். ஜாடி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வாலுதான் என்று நினைத்து அவள் காதைத் திருகினேன். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவர் முகம் அதைத்திருந்தது. கால் செருப்பில் நுழையவில்லை. அம்மா குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

அம்மா சத்தம் போடவில்லை. தோலைக்கூட வீணாக்காமல் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னவள் ஜாடியைக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு உப்பு டப்பாவைத் தையல்காரம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இன்னிலேர்ந்து இந்த வீட்ல யாருக்கும் உப்பு கெடையாது."

"புள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் அப்பா.

"அதை ஜாடியத் தொறக்கும்போது யோசிச்சிருக்கணும்."

அன்று ராத்திரிச் சாப்பாடு மண் மாதிரி இருந்தது. நான் விழுங்கிவிட்டேன். வாலு ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அழுகைச் சத்தம் வரவில்லை, கண்ணீர் மட்டும் தட்டில் விழுந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தட்டை அவர் அன்று தள்ளிவைக்கவில்லை.

டாக்டர் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். நாலு நாளில் கால் வீக்கம் வற்றியது. ஐந்தாம் நாள் அப்பா சமையலறைக்குள் வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அடுப்புப் பக்கம் வந்ததில்லை.

"அந்தப் புளிப்பு ஆப்பிள் இருக்கில்ல, அதுல நாலு குடு."

"எதுக்குங்க?"

"தக்காளி ஆகாதுன்னுதானே சொன்னாங்க? புளிப்பு ஆகாதுன்னு சொல்லலியே."

துருவினார். பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகு இடித்துப் போட்டு வதக்கினார். முதல் தடவை கருகிப்போயிற்று. அம்மா இன்னும் நாலு ஆப்பிளை எடுத்துவைத்தாள். இரண்டாம் தடவை அவளே தீயைக் குறைத்துவிட்டாள். வதங்கியதைப் பருப்பில் கொட்டிக் கிளறினார் அப்பா. மிளகின் காரமும் ஆப்பிளின் புளிப்பும் சேர்ந்து நாக்கில் சுள்ளென்று ஏறின.

வாலு தட்டை நீட்டி, "இன்னும்" என்றாள்.

"டிக்கெட் எடுத்தியா?" என்றார் அப்பா.

மிச்சமிருந்த நாட்களில் மூன்று வேளையும் அவர்தான் சமைத்தார். நான் நறுக்க, வாலு கொட்டை எடுக்க, அம்மா வேலையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் கூடம் மறுபடி அகலமானது. கடைசிப் பெட்டி தீர்ந்தபோது எனக்கு மட்டும் ஏனோ வருத்தமாக இருந்தது.

அதன் பிறகு அப்பாவுக்கு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். வாரம் இரண்டு ஆப்பிள் வாங்குகிறேன். அதில் ஒன்று சுருங்கியே போகிறது.

போன மாதம் அவளிடம், "அந்த ஆப்பிள் நாளெல்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு இனிக்குதுடி. அவரு காலு திரும்ப வீங்கிடுமோன்னு ஒவ்வொரு நாள் காலையிலயும் அழுத்திப் பாத்தவ நான்."

 அம்மா புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டாள்.

"ஆனா அந்த மனுஷன் நல்லாத்தான் சமைச்சாரு" என்றாள்.