மழைக்கோட்டுக் காடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாணவர் இதழ் என்னிடம் ‘வெப்பமண்டல மழைக்காடுகளின் தன்மைகள்’ என்று கட்டுரை கேட்டது. மயிலாப்பூரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்:

வெப்பமண்டல மழைக்காடுகள் நிலநடுக்கோட்டை ஒட்டி, ஆண்டு முழுவதும்—

கொட்டாவி வந்தது. எழுதுகிறவளுக்கே வந்தால் பிள்ளைகளுக்கு வராதா? காபித்தூள் வாங்க தி. நகர் போனேன். (மயிலாப்பூரில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். எழுத்தாளருக்குச் சாக்கு வேண்டும்.) அங்கே தூறலுக்கு ஒதுங்கிய ஒரு பெண் போனில் கத்தினாள்: “காடா, கோட்டா? கரீட்டா சொல்லுங்க சார்!”

நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் புளுகு.

2

அவளுக்கு ஜுவேரியா என்று பெயர் வைத்தேன். திருவல்லிக்கேணிக்காரி. கடைகளின் கண்ணாடி ஜன்னலை அலங்கரிப்பது தொழில். ஷரீஃப் பாயிடம் பல வருடம் வேலை செய்தாள். உழைப்பு இவளுடையது, ஜன்னல் மூலையில் பெயர் அவருடையது.

இது அவள் தனியாகப் பிடித்த முதல் ஜன்னல். குடைக்கடை துரைராஜ் கறாராகச் சொல்லியிருந்தார்: பிடித்தால் மூலையில் உன் பெயர், பிடிக்காவிட்டால் அன்றைக்கே பிரித்துவிட்டு ஷரீஃபைக் கூப்பிடுவேன்.

போனில் அவர் கேட்டது மழைக்கோட்டு. பஸ் இரைச்சலில் இவள் காதில் விழுந்தது மழைக்காடு.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் அழுகிற ஆள் இல்லை.)

3

“இன்னாம்மா இது?” என்றார் துரைராஜ்.

“நீங்க கேட்ட காடு சார்.”

“கோட்டும்மா, கோட்டு! பொட்டி பொட்டியா சரக்கு கீது, நீ கொடி கட்டிக்கினு கீற! அதுவும் கீழ ஒரே இருட்டு. ஒரு பூ கூட இல்ல!”

“மேல இருக்கிற எலயே வெளிச்சத்த முழுங்கிடும் சார். பூவெல்லாம் மேலதான்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கட்டுரை முழுக்க அந்த ஜன்னலில் நின்றது: கூரையை முட்டும் நெடுமரம், அதன் கீழே இலைப்பந்தல், மண்ணின் மேலோட்டில் மட்டுமே சத்து என்பதால் ஆழம் போகாமல் பக்கவாட்டில் பலகையாக விரிந்த வேர். ஆனால் துரைராஜ் ஷரீஃப் பாய்க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜுவேரியா தான் வெட்டிய காகித இலையையே பார்த்தாள்.*

“போன வைங்க சார். சாயங்காலம் வரிக்கும் டைம் குடுங்க. எலய எறக்கிட்டு கோட்ட ஏத்துறேன்.”

* மழைக்காட்டு இலைகள் பலவற்றின் நுனி கூராக நீண்டிருக்கும். தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். இதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டுரையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

4

பச்சைக் கோட்டுகள் பந்தலாகத் தொங்கின. ஒவ்வொன்றின் அடியையும் குவித்து நுனி வைத்தாள். உச்சியில் பூவுக்கு மஞ்சள் கோட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டை போட்ட குழாய். கீழே, இருட்டில், ஒரு கோட்டுக்குள் பிரித்த அப்பளக் கட்டு.

இனி அவள் குழாயைத் திறக்க வேண்டும். என் கையில் இரண்டு முடிவுகள் இருந்தன.

அ) கரண்ட் போகிறது. இருட்டில் ஜுவேரியா தனியாக—

ஆ) அப்பளம் நமத்துப்போகிறது. துரைராஜ் மறுபடி போனை எடுத்து—

கடைசியில் தோற்றால்தான் இலக்கியம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் ஜன்னலில் மழை பெய்தது! கோட்டிலிருந்து கோட்டுக்கு, நுனியிலிருந்து நுனிக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இறங்கியது. ஷாப்பிங் பைகளோடு ஜனம் அப்படியே நின்றது. ஜுவேரியா அடிக்கோட்டுக்குள் கையை விட்டு ஓர் அப்பளத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் உடைத்தாள்.

படக்.

தெருவே கைதட்டியது. நானும் மேஜையில் தட்டினேன், காபி கொட்டியது.

5

துரைராஜே பிரஷ்ஷை எடுத்து ஜன்னல் மூலையில் எழுதினார்: அலங்காரம்: சவேரியா.

“சார்,” என்றாள், “நான் காடுன்னு கேட்டேன். நீங்க இன்னா கேட்டீங்க?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு துடைத்தார். “நீயே சொல்லும்மா.”

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. பிரஷ் காத்திருக்கிறது, பஸ்ஸும் இரைகிறது. அவருக்குக் கேட்கிற மாதிரி நீங்கள்தான் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.