கீர்த்திகா செத்துச் செத்து முழுகிய சனிக்கிழமை

வணக்கம் பிள்ளையள், எல்லாரும் சுகமோ? காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லையே? அப்படியென்றால் ஆறுதலாக இருந்து கேளுங்கள், பண்டத்தரிப்பில் கீர்த்திகா ஒரே நாளில் பலமுறை செத்த கதையை.

கீர்த்திகா கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். தங்கை வினோஜா கொழும்பிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கேம் பெட்டியையும் கொண்டுவந்தாள். மந்திரக் கோட்டை, கையில் ஒரு வாள், உச்சியில் நெருப்புக் கக்கும் பறக்கும் நாகம். விளையாட்டே பொல்லாதது. போதாததற்குத் தங்கை சட்டம் வேறு போட்டாள்: ஒருக்கால் செத்தால் முதல் வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதுமட்டுமில்லை அக்கா. சாவு விழுந்தால் முழுகத்தானே வேணும்? கிணத்தடியிலை தலைக்கு வாத்துப்போட்டு வந்துதான் திருப்பித் தொடங்கலாம்."

"சரியடி. நான் ஏன் சாகிறன்?"

சொல்லி வாய் மூடவில்லை, வாசல் காவல்காரனே அவளைச் சப்பளித்துக் கொன்றுவிட்டான்.

பின்னேர பஸ்ஸில் வினோஜா பெட்டியோடு போய்விடுவாள். அதற்குள் நாகத்தை வெல்லாவிட்டால் ஆயுளுக்கும் நக்கல்தான். கீர்த்திகா பாலத்தில் வழுக்கிச் செத்தாள், முழுகினாள். கோழியளவு பேய் ஒன்று கொத்திச் செத்தாள், அதற்கும் முழுகினாள்.

"கணக்கு ரீச்சரைக் கோழி கொன்று போட்டுது எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுவன்!"

"வாயை மூடடி!"

வேலிக்கு அப்பால் கேதீஸ்வரி மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் இவர்களுடைய தாயும் தகப்பனும், காய்ச்சலாய்க் கிடந்த சோமசேகரம் பெரியப்பாவைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போனவர்கள். இங்கே மூத்தவள் ஈரத்தலையோடு நிற்கிறாள். மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஒருவழியாகக் கீர்த்திகா நாகத்தின் முன்னால் வந்து நின்றாள். உயிர் நூலளவுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, அயலட்டைப் பெண்டுகளோடு மாமி உள்ளே பாய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ சோமண்ணை, போயிட்டியளோ! பிள்ளை, எப்ப மோசம் போனவர்?"

"மாமி, அவர் சாகேல்லை! செத்தது நான்! விடுங்கோ, இன்னொருக்கால் சாகேலாது!"

"ஐயோ, பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!"

மாமி இன்னும் இறுக்கினார். கீர்த்திகா அவர் தோளில் நாடியை ஊன்றி, முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பொத்தான்களை நசித்தாள். மாமி ஒப்பாரிக்கு ஆடினார், கீர்த்திகாவும் ஆடினாள், திரையில் வாள்காரனும் ஆடி ஆடி நெருப்புக்குத் தப்பினான். கடைசியாய் ஒரு குத்து!

"செத்துப்போச்சு! செத்துப்போச்சு!" கீர்த்திகா துள்ளிக் குதித்தாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது. விழுந்து விழுந்து சிரித்த வினோஜா தகப்பனுக்குப் போன் எடுத்து மாமியின் காதில் கொடுத்தாள். பெரியப்பா மாம்பழத்தோடு புட்டுச் சாப்பிடுகிறாராம்.

மாமி திரையில் கிடந்த நாகத்தைப் பார்த்தார். "உதுக்கோ நான் இவ்வளவும் அழுதனான்?" மூக்கைச் சிந்தினார். "எண்டாலும் அழுதது அழுததுதான். முழுகாமல் வீட்டை போகேலாது."

பெண்டுகள் கிணற்றடியில் வரிசையாய் நின்றார்கள். கீர்த்திகா வாளியைத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

"தோத்தவள் அள்ளடி. பஸ் வரமுதல் எல்லாருக்கும் வாத்துப்போடு!"

உங்கடை வீட்டிலையும் இப்படி விளையாடி அயலைக் கூட்டினவை இருந்தால், ஒளிக்காமல் எழுதிப் போடுங்கோ.