பளிச்சுவின் கொப்புளங்கள்

என் தங்கையின் புருஷனை, நாங்கள் மூன்று பேரும் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் பளிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பிளீச்சிங் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்பு வெளுக்கிறதோ இல்லையோ, அவன் சட்டை வெளுத்திருக்கும். அப்பேர்ப்பட்ட சுத்தக்காரனுக்கு இடுப்புக்குக் கீழே கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிட்டது. காய்ச்சலும் எரிச்சலுமாகப் படுத்துக் கிடந்தான். எழுந்தபோது கொப்புளத்துக்குக் காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டு எழுந்தான். காரணம் என் தங்கை.

போனில் பார்த்தானாம். ஹெர்பிஸ் என்று போட்டிருந்ததாம். ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத்தான் ஒட்டுமாம். வீட்டில் அந்த இன்னொருத்தர் யார்? பெண்டாட்டி. முடிந்தது விசாரணை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் பொடிப்பொடியாகக் கொப்புளிக்கும். பால்பல் விழாத வயதிலிருந்தே அப்படித்தான். நானே எத்தனையோ தடவை தேங்காய் எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். இப்போது அதுவே அவள் நடத்தைக்குச் சாட்சியாகிவிட்டது.

அவன் அம்மா, எங்களுக்கு அத்தை, சும்மா இருப்பாளா? அன்றைக்கே தங்கையின் தம்ளரும் தட்டும் தனியாகப் போயின. நான் போய்க் கேட்டபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

“உந்தங்கச்சி ரத்தத்தை டெஸ்ட் பண்ணட்டும். ஒண்ணுமில்லைன்னு வந்தா வீட்டுக்குள்ள இருக்கட்டும். இருக்குன்னு வந்தா பெட்டியைக் கட்டிக்கிட்டு உன்கிட்டயே வரட்டும்.”

“உங்க பிள்ளைக்குத்தானே அத்தை கொப்புளம் வந்திருக்கு?”

“அவனுக்கு வந்துச்சு. ஆனா எங்கருந்து வந்துச்சு?”

பளிச்சு உள்ளே கட்டிலில் காலை அகட்டி உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பேசும்போது அவன் பேச மாட்டான். அவ்வளவு மரியாதை.

வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. தொட்டிக்காரக் கூட்டாளி ஒருத்தனிடம் புலம்பியிருக்கிறான். அவன் இஸ்திரி போடும் ரேடியோவிடம் சொல்லியிருக்கிறான். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே இதற்குத்தான். மத்தியானத்துக்குள் கூடம் முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது.

எங்கள் கூடத்தில் விரிப்பை ரெண்டு பேர்தான் மடிக்க முடியும். ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையைக் கைக்குக் கை மாற்ற வேண்டும். அன்றைக்குத் தங்கை விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது.

“கையில ஒட்டிக்கும்டி, எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு” என்றாள் ரேடியோ.

எனக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் புரண்டு எழுந்த விரிப்புகளை நாங்கள் வெறும் கையால் அள்ளுகிறோம். அதில் என்னென்ன கறை இருக்கும் என்பதை இங்கே எழுத முடியாது. அதை அள்ளிய கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வடை தின்பவள் இந்த ரேடியோ. அவளுக்கு என் தங்கையின் விரலைக் கண்டு பயமாம்!

நான் தள்ளிக்கொண்டிருந்த ஈரமூட்டை வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். அன்று முழுக்க இரண்டு வேலையும் நானே பார்த்தேன். முதுகு இரண்டாகப் பிளந்தது.

“அழுவாதேடி” என்றேன்.

“அழுவலக்கா. பிளீச்சிங் நெடி” என்றாள்.

மறுநாள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முதலில் பளிச்சுவைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் உயர்ந்தது.

“என்னத்தைப் போட்டீங்க இதுல?”

“பிளீச்சிங் தண்ணி.”

“எதுக்கு?”

“கறைக்குப் போடுற அளவுலதான் போட்டேன் டாக்டர். கொஞ்சம் கலந்துதான்.”

“அது துணிக்குங்க! கொப்புளம் உடையாம புதுசா இருந்தப்ப வந்திருந்தா, பஞ்சுக்குச்சியால தொட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பேன். இன்ன கிருமின்னு நேரா தெரிஞ்சிருக்கும். இப்பத் தோலே வெந்து கிடக்கு. இதுல எதை எடுக்க?”

தொட்டியில் பழகிய புத்தி. எதைக் கண்டாலும் வெளுக்கப் பார்ப்பான். பெண்டாட்டியின் மானத்தைத்தான் வெளுக்காமல் விட்டான்.

“ரத்தம் எடுங்கம்மா, ரத்தம் எடுங்க” என்று அத்தை முன்னால் வந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “ரத்தத்துல பார்த்தா, அந்தக் கிருமி எப்பவாவது உடம்புக்குள்ள வந்துச்சான்னு மட்டும்தான் காட்டும். எப்ப வந்துச்சு, யார் கொடுத்தாங்கன்னு காட்டாது. இதை வச்சு யாரையும் குத்தவாளி ஆக்க முடியாது.”

“அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம். எனக்கும் சேர்த்து எடுங்க. எங்க வீட்டு ரத்தம் எப்படின்னு இவளும் இவ அக்காவும் தெரிஞ்சுக்கட்டும்.”

சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையை நீட்டினாள். கறை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க நாங்கள் பக்கத்தில் ஒரு புது வெள்ளைத் துணியை வைத்துப் பார்ப்போம். அந்த வெள்ளைத் துணியாகத் தன்னையே வைத்துக்கொண்டாள் மகராசி.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா, “தனித்தனியா சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. மறைக்க எங்ககிட்ட என்ன இருக்கு?” என்றாள் அத்தை. டாக்டரம்மா கேட்டதற்குப் பளிச்சுவும் தலையாட்டினான்.

“இதுல ரெண்டு வகை. உதட்டுல வர்றது பெரும்பாலும் முதல் வகை. சின்ன வயசுல யாராவது முத்தம் கொடுத்தாக்கூட வந்துடும். உலகத்துல பாதிப் பேருக்கு மேல இருக்கு. இந்தப் பொண்ணுக்கு அது இருக்கு.”

“பாத்தியா!” என்று துள்ளினாள் அத்தை.

“உங்களுக்கும் இருக்கும்மா.”

அத்தை அப்படியே நின்றாள். புருஷன் செத்து வருஷக்கணக்காகிறது. நிழலைக்கூடச் சந்தேகப்படுகிறவள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“மிஷினு கோளாறும்மா அது” என்றாள்.

“கோளாறு இல்ல. பயப்படவும் வேண்டாம். தம்ளர் தட்டெல்லாம் பிரிக்க வேண்டியதில்ல. புண்ணு இருக்கும்போது முத்தம் கொடுக்காம இருந்தாப் போதும்.” அப்புறம் பளிச்சுவின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ரெண்டாவது வகை. அது படுக்கையில சேரும்போது ஒட்டுறது. உங்க மனைவிக்கு அது இல்ல.”

“அப்ப இவன்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“அதைத்தான் சொல்ல முடியாதுன்னேன்” என்று டாக்டரம்மா கையமர்த்தினார். “கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம். வருஷக்கணக்கா சத்தமில்லாம இருந்துட்டு இப்ப வெளிய வந்திருக்கலாம். மாத்திரை இருக்கு. ஒரேயடியாப் போகாது, அடக்கி வைக்கலாம். கொப்புளம் இருக்கும்போது சேரக் கூடாது. இல்லாதப்பவும் ஒட்டலாம், அதனால ஆணுறை போடணும். இந்தப் பொண்ணுக்கு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும். இப்பத்தான் ஒட்டியிருந்தா ரத்தத்துல தெரிய நாளாகும்.”

எப்போது வந்தது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. பளிச்சுவுக்குத் தெரியும் என்று அவன் காது சொன்னது. அப்படிச் சிவந்திருந்தது.

வெளியே நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் நோய் கிடுகிடுவென்று சிறுத்துப்போனது. இவ்வளவு நாள் மலையாக இருந்தது, மகனுடையது என்றதும் கடுகாகிவிட்டது.

“ஆம்பளப் பிள்ளை. என்னமோ அந்த வயசுல...” என்று அத்தை குழைந்தாள். “சின்ன விஷயம். டாக்டரே பயப்படாதேன்னுட்டாங்க. நாலு சுவத்துக்குள்ள வச்சுக்குவோம். வாம்மா, வீட்டுக்குப் போவோம்.”

பளிச்சு தொண்டையைக் கனைத்தான். “வா, போலாம். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.”

அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லையாம்! என் கை துறுதுறுத்தது. ஆனால் தங்கை முந்திக்கொண்டாள்.

“என்னோடதுன்னு நினைச்சப்ப உங்க நாலு சுவர் எங்க போயிருந்துச்சு?”

“அது... அவன்கிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன்.”

“அதே வாயால நாளைக்கு அதே ஆள்கிட்ட இதையும் சொல்லுங்க. எம்பொண்டாட்டிக்கு இல்ல, எனக்குத்தான்னு.”

“எல்லாரும் சிரிப்பாங்கடி!”

“என்னைப் பாத்து யாரும் சிரிக்கக்கூட இல்லீங்க. ஒதுங்கித்தான் போனாங்க.”

அத்தை அவள் கையைப் பிடிக்கப் போனாள். “புருஷனை நோயோட தனியா விட்டுட்டா போவே?”

“நீங்க இருக்கீங்களே அத்தை. நோயோட இருக்கிறவங்களை எப்படி வச்சுக்கணும்னு உங்களுக்குத் தெரியும். தம்ளர்கூடத் தனியா எடுத்து வச்சிருக்கீங்க.”

“அப்ப என்னை வேணாங்கிறியா?” என்றான் பளிச்சு. அழுகிற குரல்.

“மாத்திரையைச் சாப்பிடுங்க. ரெண்டாவது டெஸ்டு வரட்டும். அதுக்கப்புறம், உங்களுக்கு அது எங்கருந்து வந்துச்சுன்னு என்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. சொன்னா யோசிக்கிறேன். சொல்லாட்டி யோசிக்கிறதுக்கும் ஒண்ணுமில்ல.”

என்னைப் பார்த்து, “போலாமாக்கா?” என்றாள். என்னிடம் இருப்பது ஒரே அறை, ஒரே பாய். இவள் குறட்டை விடுவாள், காலையும் தூக்கிப் போடுவாள். அத்தை சொன்னபடிதான் நடக்கிறது, என்னிடமே வருகிறாள். பெட்டி மட்டும் இல்லை.

“போற வழியில ஒரு பாய் வாங்கணும்டி” என்றேன்.