அடைத்த ஜன்னல்

பாடையைத் தூக்கியவர்கள் தெருமுனை திரும்பியதும் முனியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுத் தங்கையின் சமையலறைக்குள் நுழைந்தாள். கருகிய எண்ணெயின் நாற்றம் தொண்டையில் ஒட்டியது.

தீபாவளிக்கு நாத்தனார்கள் வருகிறார்கள் என்று நேற்றுக் காலை தங்கை கோகிலவாணி தனியே அதிரசம் சுட்டாள். முதல் ஈடு எடுத்து, அடுப்பை அணைத்து, மாவைத் தட்டிவிட்டு மீண்டும் பற்றவைத்தபோது அறை முழுதும் தீப்பற்றியது. மாலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

கூடத்தில் மாமியார் குள்ளம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நைலான் சேல கட்டாதன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா?"

ஒருத்தி தேநீரோடு அதிரசத்தைப் பிட்டுத் தின்றபடி தலையாட்டினாள். அந்த முதல் ஈடுதான். வீணாவானேன் என்று குள்ளம்மாளே அதிரசம் போட்டுவைத்த போசியைத் திறந்து கொடுத்திருந்தாள்.

அடுப்படியில் பாதி எரிந்த எரிவாயுக் குழாய் கிடந்தது. எஞ்சிய பாதியில், வெடிப்பின்மேல் சுற்றிய கறுப்பு டேப் உருகிப் பிசுபிசுத்தது. பின்கதவும் ஜன்னலும் இன்னும் தாழிட்டபடியே இருந்தன. வேற்றார் கண் பட்டால் அதிரசம் எண்ணெய் குடித்துவிடும் என்று அடைத்துவிட்டுச் சுடுவது அவ்வீட்டு வழக்கம். கசிந்த வாயு வெளியேற வழியில்லை.

பத்து நாளைக்கு முன் கோகிலா போனில் சொல்லியிருந்தாள்.

"ட்யூப்பு வெடிச்சிருக்குக்கா. மாத்துங்கன்னா, டேப்ப சுத்திட்டு பண்டிக முடியட்டுங்கறாரு."

"நல்ல நாளும் அதுவுமா புருசங்கிட்ட சண்ட போடாத கண்ணு."

தன் வாயால் சொன்ன அச்சொற்கள் இப்போது சிக்குப்பிடித்த எண்ணெயாய் நாக்கில் புரண்டன.

குழாயை எடுத்துவந்து குள்ளம்மாளின் முன் போட்டாள்.

"ஏங்க அத்தே, இதுவும் நைலானுங்களா?"

அதிரசம் மெல்லும் ஓசை மட்டும் கேட்டது.

"ஜன்னல சாத்தச் சொன்னது யாருங்க?"

குள்ளம்மாள் குழாயைப் பாராமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நாலு தலமொறையா சாத்தித்தான் சுடறோம். ஒரு சேதமும் வந்ததில்ல."

முனியம்மாள் புழக்கடைக்குப் போய்க் காறித் துப்பினாள்.

பிணம் எடுத்தாயிற்று என்று அடுத்த வீட்டில் அதற்குள் அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள். சாத்திய ஜன்னலுக்குப் பின்னே எண்ணெய் பொரியும் ஓசை கேட்டது. அவள் கிட்டப் போய் ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரது? கண்ணு படும், சாத்துங்க."

அவள் சாத்தாமலே கையை எடுத்தாள். புதிதாய் வெள்ளைப் பெயிண்ட் அடித்த அந்தக் கதவில் டேப்பின் கரி ஐந்து விரலாய்ப் பதிந்திருந்தது.