அலமாரியின் முறை

ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டரை முதியோர் குடியிருப்பில் முதன்முதலாக அடித்தது அவருடைய சொந்த அலமாரி. குடிவந்த மூன்றாம் நாள் காலை, குளிக்கிற தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்பதற்காக அவர் மனைவியின் மேல் கையை ஓங்க, அலமாரியின் இடப்பக்கக் கதவு தானாகத் திறந்து வந்து அவர் முகத்தில் அறைந்தது. மூக்கு உடைந்தது. ரத்தம் பனியனை நனைத்துக்கொண்டு இறங்கிப் புதுத் தரையில் சொட்டியது. குடியிருப்பின் மேலாளரம்மா, கீல் தளர்ந்திருக்கும் என்று சொல்லித் தச்சரை அனுப்பினார். தச்சர் கதவை நாலு முறை ஆட்டிப் பார்த்தார். கீலில் ஒரு குறையும் இல்லை. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். அடுத்த அடி விழுந்தபோது கிறீச் சத்தம் இல்லாமல் விழுந்தது. எண்ணெயால் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

அந்த அறைக்குச் சாமான் வாங்கிப் போட்டவள் அவர்களுடைய மகள். டைல்ஸ் கடையில் வேலை. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் நீள அகலத்தைப் பார்த்துவிடுகிற கண் அவளுக்கு. பெற்றோருக்கு ஒதுக்கிய அறையைத் தன் வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, கட்டில் இங்கே, நாற்காலி இங்கே என்று கோடு போட்டு, அதற்குள் கிழவியைப் போல நடந்து, உட்கார்ந்து, எழுந்து பார்த்தாள். மேலாளரம்மா சொன்ன எதையும் விடவில்லை. உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற உயரத்தில் கட்டில், ஊன்றி எழுவதற்குக் கைவைத்த நாற்காலி, முனை மழுங்கிய மேசை, படுத்தபடியே எட்டும் சுவிட்சு. வழுக்கும் என்று கால்மிதி கூடப் போடவில்லை. அதற்கு மேல் அவள் செய்ததெல்லாம் அந்த வீட்டில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. மேசை விளக்கைத் தூக்க முடியாதபடி சுவரோடு திருகி வைத்தாள். கண்ணாடி டம்ளர் ஒன்றுகூட வாங்கவில்லை. அப்பாவுக்கு ஊன்றுகோல் வாங்கப் போன கடையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தொடையில் அடித்துப் பார்த்து, குறைவாக வலித்ததை வாங்கினாள். கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மாவின் கட்டிலைக் கதவை ஒட்டிப் போட்டாள்.

"எல்லாரும் பாத்ரூம்ல பிடிக்கிற கம்பி எங்க இருக்குன்னுதான் கேப்பாங்க. நீங்க என்னம்மா, கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு மூணு தடவை கேட்டுட்டீங்க?" என்றார் மேலாளரம்மா. மகளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வீடென்றால் எல்லோரும் இப்படித்தான் சாமான் போடுவார்கள் என்று அவள் நாற்பத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

பழைய வீட்டிலிருந்து ஒரே ஒரு சாமான் கொண்டுவரலாம் என்பது குடியிருப்பின் வழக்கம். கண் விழித்ததும் பழகிய ஒன்று தெரிந்தால் வயதானவர்களுக்குத் திகைப்பு குறையுமாம். மகள் பெற்றோரின் படுக்கையறையில் நின்ற மர அலமாரியைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவே நிறுத்தினால் ஒரு சுவர் மாதிரி இருக்கும், அப்பாவின் கை அம்மாவை எட்டாது என்பது அவள் கணக்கு. அளவு அச்சாகப் பொருந்தியது. அந்த அலமாரியின் மேல் அம்மா எத்தனை முறை போய் விழுந்திருக்கிறாள் என்பதை அவள் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் மரத்துக்கு ஞாபகம் இருக்குமென்று யாருக்குத் தோன்றும்?

டிரில் மாஸ்டர் அந்தக் காலத்தில் பள்ளி மைதானத்தில் ஆயிரம் பையன்களை ஒரு விசிலில் நிறுத்தியவர். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே பழமொழி; அதை மைதானத்தில் பிரம்பாலும் வீட்டில் கையாலும் விளக்கினார். வீட்டில் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்துவார், விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், அப்புறம்தான் தொடங்குவார். அம்மா தள்ளப்பட்டுப் போய் விழுகிற இடம் எப்போதும் அந்த அலமாரிதான். வெளியே பிள்ளைகள் இரண்டும் மரத்தில் உடம்பு மோதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதி நல்ல மார்க் வாங்கினார்கள். பல்லுப் போன வருஷம், விரல் கோணிய வருஷம் என்று காலம் ஓடியது. கல்லானாலும் கணவன் என்று உறவுக்காரர்கள் வந்து சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மூக்குக்கு அடுத்த வாரம் அலமாரியின் இழுப்பறை பாய்ந்து வந்து அவருடைய வலது மணிக்கட்டைப் பெயர்த்தது. அதற்கடுத்து உதடு கிழிந்தது, பிறகு முழங்கால். கையை ஓங்கினால்தான் அடி என்றும் இல்லை. சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்தாலும் விழுந்தது. ஒருநாள் முழுக்க வராந்தாவிலேயே உட்கார்ந்து பார்த்தார். வரவேண்டிய அடி அவர் திரும்பும்வரை பொறுமையாகக் காத்திருந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தபோது முதுகில் இறங்கியது. டாக்டர் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க, அம்மா பக்கத்தில் நின்று காயத்தை எட்டிப் பார்த்து, மகளிடம் காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"மூக்கு, கல்யாணம் ஆன மாசம். மணிக்கட்டு, உங்கண்ணன் வயித்துல இருந்தப்ப. இந்த முதுகு, நீ நாலாவது பாஸான அன்னைக்கு. வரிசையாத்தான் வருது."

மகள் மனசுக்குள் வருஷத்தை எண்ணிப் பார்த்தாள். வரிசையாக வருகிறதென்றால் அடுத்து அவளுடைய பத்தாவது வயது வரும். அன்றைக்குக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. அவள் உள்ளே நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பா அம்மாவின் தலைமுடியைப் பிடித்து அலமாரியின் மூலையில் மூன்று முறை மோதினார். அம்மாவுக்கு நினைவு திரும்ப இரண்டு நாளாயிற்று. இடது காது திரும்பவே இல்லை. மறுநாள் காலை மைதானத்தில் விசில் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. முப்பது வயதுக்காரி தாங்கிய அந்த அடியை எழுபத்தொன்பது வயது மண்டை தாங்காது. அப்பா சாகப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தது சந்தோஷம். அது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு பயந்துதான் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"உடனே அதத் தூக்கி வெளிய போடு. அவருக்கு வயசாயிடுச்சு, இனிமே என்ன பண்ணிடப் போறாரு?" என்றான் அண்ணன், வெகு தூரத்திலிருந்து.

அவள் அலமாரியை வண்டியில் ஏற்றித் தன் வீட்டு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, கடையிலிருந்து ஒரு புது பிளைவுட் அலமாரி வாங்கி வைத்தாள். அழகான அலமாரி. மூலைகள் உருட்டப்பட்டவை, கதவு தொட்டால் மெதுவாகச் சாத்திக்கொள்ளும், எதுவும் தெரியாத சாமான். டிரில் மாஸ்டர் அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, கட்டை விரலால் கதவைச் சீண்டிப் பார்த்தார். அது பேசாமல் நின்றது. அன்று மாலையே அம்மாவின் தோளெலும்பை ஊன்றுகோலால் முறித்தார். மகள் தொடையில் அடித்துப் பார்த்து வாங்கிய அதே ஊன்றுகோல். நான்கு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும். அடிக்கும்போது வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அம்மா கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் அவளுடைய வலது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"அந்த அலமாரிய எங்க வெச்சிருக்க?"

"எங்க மாடியில."

"மழை வந்தா ஊறிடும். கொண்டாந்து வெச்சிடு."

"அடுத்தது எதுன்னு தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியாதா?"

"செத்துடுவாரும்மா."

அம்மா கழுத்துத் துணியை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். "நான் சாகலையே," என்றாள்.

மகள் அன்றைக்கு ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. அப்பாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அம்மாவைக் கொடுக்க வேண்டும். நடுவில் வைக்க வேறு சாமான் எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் காலை இரண்டு கூலியாட்களோடு வந்து பழைய அலமாரியைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, ஆடாமல் இருக்கக் காலுக்கு அட்டை மடித்து வைத்தாள். ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. டிரில் மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு, கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒன்றை மனைவியிடம் கேட்டார்.

"அடுத்தது என்ன?"

அம்மா சொன்னாள். என்ன கிழமை, என்ன சண்டை, எந்த மூலை, எத்தனை முறை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவருக்கு எதுவுமே ஞாபகமில்லை. "நானா?" என்றார். "நீங்கதான்," என்றாள். அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, அவர் தலைவாரிக்கொண்டிருந்தபோது அலமாரி முன்னால் சாய்ந்து தன் மூலையால் அவர் மண்டையில் மூன்று முறை மோதிவிட்டு நிமிர்ந்து நின்றது. சுவரிலெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மகள் வாசலிலேயே இருந்தாள். அழுதாள், ஏன் அழுகிறோம் என்று எரிச்சலும் பட்டாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தார். மரம் கணக்குத் தவறவில்லை. அம்மா பிழைத்த அடியில் அவரும் பிழைத்தார். இடது காது மட்டும் போய்விட்டது.

அதன் பிறகு அவர் யார் மேலும் கை ஓங்கவில்லை. திருந்திவிட்டார் என்று குடியிருப்பில் சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, பயந்துவிட்டார். காலையில் எழுந்ததும் இன்றைக்கு உண்டா என்று மனைவியிடம் கேட்பார். அவள் உண்டு, இல்லை என்பாள். உண்டு என்றால் பல் செட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். டாக்டர் வாரம் தவறாமல் வந்தார். இன்னும் எவ்வளவு பாக்கி என்று மகள் ஒருமுறை கேட்டதற்கு அம்மா கண்ணை மூடி யோசித்துவிட்டு, "இவர் ஆயுசுக்குள்ள முடியாது," என்றாள். முடியவில்லைதான். இரண்டு வருஷம் கழித்து நெஞ்சுச்சளியில் செத்துப்போனார். மகள் செய்ய வேண்டியதைச் செய்தாள். அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்து, அலமாரிக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டுத் திரும்பினான்.

மீதி அடிகள் இப்போது அவருடைய காலி நாற்காலியின் மேல் விழுகின்றன. தச்சர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து நாற்காலிக்குப் புதுக் கால் போட்டுவிட்டுப் போகிறார். மதியம் பேச வருகிற பக்கத்து அறைக்காரிகள் எங்கே உட்காரக்கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மகள் போயிருந்தபோது அம்மா பட்டப்பகலில் காலை நீட்டி, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். இழுப்பறை பாய்ந்து நாற்காலியின் முதுகைப் பிளந்தது. மகள் துள்ளி எழுந்து கதவுப் பக்கம் ஓடிவிட்டாள். அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அது பாட்டுக்கு அடிச்சிட்டுப் போகட்டும். நீ வந்து படு."

அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் இருவரும் தூங்கிப்போனார்கள்.