வெள்ளைக் கோபுரத்து மனேஜர்

அண்ணா வந்து பத்து நாள். பத்து நாளும் தோரே பியாங்கா புராணம்தான். இத்தாலியில் கடலோரத்துச் சின்ன ஊராம். கிரேக்கர் கட்டியதாம், கடற்கொள்ளைக்காரர் இரண்டு தரம் எரித்தார்களாம். அவர்கள் வருகிறார்களா என்று காவல் பார்க்க எழுப்பிய வெள்ளைக் கோபுரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படியாம், உச்சியில் நின்றால் எரிமலை தெரியுமாம். கோட்டையையும் கோணேசர் கோயிலையும் ஒரே மலையில் வைத்திருக்கிற திருகோணமலைக்காரியிடம் இதையெல்லாம் அளக்கத் துணிச்சல் வேண்டும். அதிலும் அவர் வாயில் அது ‘எங்கட ஊர்’, இது ‘உங்கட ஊர்’. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உட்துறைமுக வீதியில் நாங்கள் பிறந்த வீட்டை விற்கத்தான் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் தாய் வீடு பெண்ணுக்குத்தான். ஆனால் அம்மா எனக்கு உறுதிப் பத்திரம் எழுதாமலே கண்ணை மூடிவிட்டார், சட்டப்படி பாதி அண்ணாவுக்கு. நான் கையெழுத்துப் போடாவிட்டால் வழக்குப் போடுவேன் என்றார். வாங்குவதற்கு எத்தோரே என்ற கிழவரையும் அந்த ஊரிலிருந்தே கூட்டிவந்துவிட்டார். வீட்டை விடுதியாக்குவார்களாம். அங்கே பெரிய ஹோட்டலில் மனேஜராக இருக்கிற அண்ணாதான் இதற்கும் மனேஜராம்.

கிழவர் வந்து கதிரையில் அமர்ந்தார். தேத்தண்ணீரை முன்னால் வைத்தேன். வேண்டுமென்றே சீனி போடவில்லை. அவர் அண்ணாவின் தோளைத் தட்டி, தன் விரல் நுனிகளை முத்தமிட்டு, நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“வீட்டுக்கு நல்ல காத்து வருதாம்.”

“காத்துக்கு அங்க குச்சினா எண்டோ சொல்லுறவை?”

அண்ணாவின் முகம் செத்துப்போனது. இத்தாலி மொழி எனக்குத் தெரியாதுதான். ஆனால் பத்து வயதிலிருந்து குசினிக்குள் அடுப்படியில் வேகிறவளுக்குக் கிழவர் வாயில் வந்த அந்தச் சொல் விளங்காதா? கிழவர் பாவம், நல்ல மனிதர், என் வாயிலும் அந்தச் சொல் வந்த சந்தோசத்தில் போனையும் நீட்டினார். படத்தில் அண்ணா ஏப்ரன் கட்டிக்கொண்டு பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். நிலத்துக்குக் கீழே இருந்த அந்தக் குசினியின் யன்னலில், தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

விடுவேனா?

“மனேஜர் ஐயா, அந்தக் கோபுரத்தில எத்தனை தரம் ஏறினனீங்கள்?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “ஏறேல்லை.”

“ஒருக்காவும்?”

“லீவு நாளில நித்திரைதான் கொண்டனான். உனக்குச் சொன்னதெல்லாம் டூரிஸ்ட்டுகளுக்குக் குடுக்கிற நோட்டீசில கிடந்தது. பாடமாக்கினனான்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “பதினாலு வருசம் இருந்த ஊரே உங்கட இல்லை. இதுவும் உங்கட இல்லை எண்டு உங்கட வாயாலயே சொல்லிப்போட்டியள். பிறகு என்னத்தை விக்கிறியள்?”

கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணா அவருக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை.

“இந்த வீட்டிலயாவது குசினியை விட்டு முன்னுக்கு நிப்பம் எண்டு நினைச்சனான், லக்சாயினி.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

“நீ சொன்னது சரி. உறுதி எழுத நாளைக்கு நொத்தாரிசிட்டப் போவம்,” என்றார். “என்ர பாதியையும் உனக்கே எழுதுறன். வந்தால் நிக்க முன் அறையை மட்டும் எனக்கு விடு.”

“பாப்பம்,” என்றேன்.

சின்ன வயதில் நாங்கள் எதைக் கேட்டாலும் அம்மா அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். கேட்டது ஒருநாளும் கிடைத்ததில்லை. அண்ணாவுக்கு அது மறந்திருக்காது.