டென்மார்க்குக்குப் போன துணி

1955இல் டென்மார்க்கில் சில பெண்கள் கூடி ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். முப்பது தேசத்துப் பெண்கள், தங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி செய்யும் தொழிலை ஒரு முழத் துணியில் தைத்து அனுப்ப வேண்டும். அத்தனையையும் ஒரே திரையாக இணைத்து நாடு நாடாகக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

அந்தக் கடிதம் பொன்னேரி மாதர் சங்கத்துக்கும் வந்தது. தலைவி சுந்தரவல்லி அதைத் தையல் ஆசிரியை சைதாவிடம் கொடுத்தாள். சைதா பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். தையலில் கெட்டிக்காரி, ஆனால் உருவம் வரைய வராது. அவள் வீட்டுக்குப் பக்கத்துக் குப்பத்துக் கோவிந்தம்மாவுக்கு அது வரும். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். கரியால் துணியில் தன்னையே வரைந்தாள். கை இரண்டும் தண்ணீருக்குள். ஓலைக் கூடை பல்லில்.

சைதா மூன்று வாரம் தைத்தாள். கோவிந்தம்மா பக்கத்தில் குந்தி, "முதுகு இன்னும் வளையணும் சைதா. நாள் பூரா குனிஞ்சிகினு கெடக்கறேன், நீ இன்னா நிமித்தி வெக்கற?" என்று பிரிக்க வைத்தாள். தைத்து முடித்ததை டென்மார்க்குக்கு அனுப்பச் சொல்லிச் சுந்தரவல்லியிடம் கொடுத்தாள் சைதா.

எட்டு மாதம் கழித்து டென்மார்க்கிலிருந்து படப் புத்தகம் வந்தது. வகுப்பில் எல்லோரும் பார்க்க வைத்திருந்தார்கள். சைதா தன் துணியைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஏரி இருந்தது. நாரைகள் இருந்தன. கோவிந்தம்மா இருந்த இடத்தில் பெரிய தாமரை ஒன்று இருந்தது. கீழே, தைத்தவர் திருமதி சுந்தரவல்லி என்று இங்கிலீஷில் அச்சாகியிருந்தது.

சைதா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோவிந்தம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நான் எங்க காணோம்?"

"பிரிச்சிட்டாங்க அக்கா."

"யாரு பிரிச்சது? நூலு உன்னுது, ஊசி உன்னுது."

"சத்தியமா நான் இல்ல."

"கேட்டியா அவங்கள? கேக்காம, புக்கை மட்டும் தூக்கிகினு வந்துட்ட."

சைதாவுக்கு முகம் எரிந்தது. அது உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது. மறுநாள் காலை கோவிந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள்.

சுந்தரவல்லி சங்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சைதா புத்தகத்தை விரித்து நீட்டினாள். "அம்மா, இதுல இருந்த பொம்பளை எங்க?"

"நான்தான் வேற ஆளை வெச்சு எடுத்துட்டுத் தாமரை தைக்கச் சொன்னேன். சேத்துல உட்கார்ந்து, கூடையைப் பல்லால கடிச்சுக்கிட்டு, நாய் மாதிரி. வெளிதேசத்துக்காரங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நாய் மாதிரியா?" கோவிந்தம்மா முன்னால் வந்தாள். குரல் உயரவில்லை. "ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருந்தா கூடைய எதால புடிக்கறதும்மா? நீங்க எறங்கிக் காட்டுங்க. நான் கரையில குந்திகினு பாக்கறேன்."

"இவளை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்த? சைதா, நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"நாளைக்கு எதுக்குமா? இப்பவே போறேன்." சைதா உள்ளே போய்த் தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். தையல் கற்க வந்த பெண்கள் தலையைத் தூக்கவில்லை. அவர்கள் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

இருவரும் நேரே பழவேற்காடு தபாலாபீஸுக்குப் போனார்கள். போஸ்ட்மாஸ்டர் சுப்பராயனுக்கு இங்கிலீஷ் எழுத வரும். சைதா சொல்லச் சொல்ல டென்மார்க்குக்குக் கடிதம் எழுதியவர் பாதியில் பேனாவை நிறுத்தினார். "கோபத்தைக் கொஞ்சம் கொறைச்சு எழுதட்டுமாம்மா?"

"வேணாம் சார். கொறைச்சா அது என் கடுதாசி இல்ல."

இரண்டரை மாதத்தில் பதில் வந்தது. அங்கே துணிகளைத் திரையாக இணைக்கிற காரின் என்ற பெண் எழுதியிருந்தாள். சுப்பராயன் தமிழில் சொன்னார்: துணி வந்த அன்றே அதைத் திருப்பிப் பார்த்தேன். தாமரையைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. வளைந்த முதுகு போல. யார் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு. தாமரையைப் பிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணை மெல்லிய துணியில் தைத்து அனுப்புங்கள், அதே இடத்தில் என் கையால் வைத்துத் தைக்கிறேன். இரண்டு பேர் பெயரையும் உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.

கோவிந்தம்மா சிரிக்கவில்லை. "அந்தம்மாவும் பாத்துட்டு சும்மாத்தான் இருந்துகீறாங்க."

"கேட்டதும் பிரிச்சாங்க இல்ல அக்கா?"

"அது சரி." சற்று யோசித்தாள். "தைச்சு அனுப்பு. ஆனா இந்த வாட்டி தண்ணியப் பாக்க வேணாம். பாக்கறவங்கள நேராப் பாக்கட்டும்."

அப்படியே தைத்தாள் சைதா. முறைத்த கண்களோடு அந்தப் பெண் கப்பலேறினாள். அடுத்த வருஷப் புத்தகத்தில் அவள் இருந்தாள். அடியில் தமிழில் இரண்டு பெயர்கள் இருந்தன.

சங்கத்து வேலை சைதாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டு முன்னறையிலேயே தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அன்று தலைகுனிந்து இருந்தவர்களில் ஒருத்தி பொன்னேரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். சைதா அவளைச் சேர்த்துக்கொண்டாள். ஆனால் முதல் வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோவிந்தம்மா ஒரு நாள் சைதாவிடம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போனாள். சுந்தரவல்லி வீட்டு வாசலில், அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். சுந்தரவல்லி வெளியே வந்து, பார்த்து, உள்ளே போகும்வரை நின்றாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள் சைதா.

"ஒண்ணும் சொல்லல."

"நீ?"

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? அதான் பேரு போட்டுகீதே" என்றாள் கோவிந்தம்மா.